கட்டுரை நகராமல் நிற்கிறதா? மையவாக்கியத்தை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில், என் வீட்டு முன்கூடத்தில் வாரத்துக்கு மூன்று மாலை கட்டுரை வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்கள், பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிப்பவர்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்றிலும் கட்டுரை எழுத வேண்டிய பிள்ளைகள். அவர்கள் கொண்டுவரும் தாள்களின் ஓரத்தில் மூன்று மொழியிலும் ஒரே குறைதான் எழுதியிருக்கும்: "மையம் இல்லை", "தாக் ஜெலாஸ்" (தெளிவில்லை), "சோ வாட்?"

இதைப் பார்த்ததும் பிள்ளைகள் மொழிநடையைத் திருத்தப் போய்விடுகிறார்கள். நல்ல நல்ல சொல்லாகத் தேடுகிறார்கள், இன்னும் இரண்டு மேற்கோள் சேர்க்கிறார்கள். பழுது பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. முன்னுரையின் கடைசியில் வரவேண்டிய ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தீசிஸ் ஸ்டேட்மென்ட், மலாயில் பெர்ஞாத்தாஆன் தேசிஸ் என்பார்கள். நான் மையவாக்கியம் என்று சொல்லிப் பழகிவிட்டேன். கட்டுரை எதை நிலைநாட்டப் போகிறதோ, அதை ஒரு வாக்கியத்தில், மிஞ்சினால் இரண்டில், சொல்லிவிடுவது.

இதில் தொல்லை என்னவென்றால், கோளாறு மையவாக்கியத்தில் இருந்தாலும் அது வெளியே தெரிவது வேறு இடத்தில். மூன்றாம் பத்தியில் சரக்கு தீர்ந்துபோகும், முடிவுரை எங்கேயோ போய் நிற்கும். அதனால்தான் கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் தாளில் எது தெரிகிறதோ நேராக அங்கே போங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் பார்த்துவிட்டுப் போங்கள்.

முதலில் கேள்வியைச் சரிபாருங்கள்

எல்லாக் கட்டுரைக்கும் மையவாக்கியம் வேண்டியதில்லை. ஒரு பழைய ஃபெர்ரி தன் கதையைச் சொல்வதாகத் தன்கதை எழுதுகிறவரும், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்துபோனதை வருணிக்கிறவரும் இதை மூடிவைத்துவிட்டு எழுத உட்காரலாம். விவாதக் கட்டுரை, கருத்து விளக்கக் கட்டுரை, ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்குத்தான் இது.

அடுத்து, கேள்வி எந்த வினைச்சொல்லில் முடிகிறது என்று பாருங்கள். "விளக்குக", மலாயில் "ஹுராய்கான்" என்றால் ஒன்று எப்படி நடக்கிறது என்று சொன்னால் போதும். "விவாதிக்க", "பிஞ்சாங்கான்" என்றால் பல பக்கத்தையும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். "செஜாவு மானாகா", அதாவது "எந்த அளவுக்கு" என்று கேட்டால் அளவைச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வகையில்தான் பிள்ளைகள் அதிகமாக வழுக்கி விழுகிறார்கள். எந்த அளவுக்கு என்று கேட்டவருக்கு ஆமாம் என்றாலும் பதில் இல்லை, இல்லை என்றாலும் பதில் இல்லை. "பெருமளவுக்கு உண்மை, ஆனால் கிராமப் பள்ளிகளில் அப்படி இல்லை" என்பது பதில். வினைச்சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு வாருங்கள்.

அறிகுறி: வாசித்தவர் "ஆமாம், சரி" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்

இதுதான் அதிகம் வரும் கோளாறு. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஆறாம் படிவத் தம்பி ஒருவர் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனைப் பற்றிய கட்டுரையோடு வந்தார். மையவாக்கியம் இப்படி இருந்தது: "ஜார்ஜ்டவுன் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தளமாக அறிவிக்கப்பட்டது." தேதி சரி. இலக்கணம் சரி. எழுத்தும் அழகு.

"இதை இல்லைன்னு சொல்ல யாராவது இருக்காங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை டீச்சர், உண்மைதானே."

"யாரும் மறுக்கமாட்டாங்கன்னா, நாலு பக்கம் எழுதி யாரை நம்பவைக்கப் போற?"

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தகவல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது மையவாக்கியம் ஆகாது. நிலைநாட்ட அதில் வேலையே இல்லை. தகவலுக்கு அடுத்த அடி ஒன்று இருக்கிறது: அதைப் பார்த்து ஏன், எப்படி, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஏதாவது ஒன்றைக் கேட்பது. அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் மையவாக்கியம்.

தம்பி மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொண்டு எழுதினார்: "யுனெஸ்கோ அறிவிப்பால் ஜார்ஜ்டவுனின் பழைய குடும்பங்கள் நகரைவிட்டு வெளியேறின." இப்போது இல்லை என்று சொல்ல ஆள் உண்டு. நல்ல முன்னேற்றம். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நான் வழக்கமாகக் கேட்கும் இன்னொரு கேள்வி இருக்கிறது: "இதுக்கு உன் கையில என்ன இருக்கு?"

அவருடைய தாத்தா லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் வாடகைக்கு இருந்தவராம். பிறகுதான் குடும்பம் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்ததாம். "எந்த வருஷம்?" என்றேன். தெரியவில்லை. வாசலுக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தார். திரும்பி வந்தபோது முகமே மாறியிருந்தது.

"2001 டீச்சர்."

யுனெஸ்கோ வருவதற்கு ஏழு வருடம் முன்பு. அப்படியானால் தாத்தாவைக் கிளப்பியது எது? மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 1948க்கு முன் கட்டப்பட்ட பழைய கட்டடங்களில் வாடகையை உரிமையாளர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, குடியிருப்பவரைச் சுலபமாகக் கிளப்பவும் முடியாது. ஜார்ஜ்டவுனின் கடைவீடுகளில் எத்தனையோ குடும்பங்கள் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்தது இதனால்தான். 1997இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவாகி, கொஞ்ச காலம் அவகாசம் கொடுத்து, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு அடியோடு நீங்கியது. அதன்பின் வாடகை ஏறிய வேகத்துக்குப் பலரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இவ்வளவும் பேசிய பிறகு தம்பி பழைய வரியை அடித்துவிட்டு மூன்றாவதாக எழுதினார்: "ஜார்ஜ்டவுனின் பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறியதில் 2008 யுனெஸ்கோ அறிவிப்பைவிட 2000இல் முடிவுக்கு வந்த வாடகைக் கட்டுப்பாட்டுக்கே பெரிய பங்கு, மரபுரிமைத் தகுதி வந்து சேர்ந்தபோது, அது காக்க வேண்டிய வாழ்க்கையில் ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது."

இந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள், பத்திகள் தாமாகவே தெரியும். கட்டுப்பாடு இருந்தபோது வாழ்க்கை எப்படி, நீங்கியதும் என்ன ஆனது, 2008க்குப் பிறகு நடந்தது எவ்வளவு. மறுப்பவர் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்பதும் தெரிகிறது. 2012இல் சுவரோவியங்கள் வந்தபின் ஆர்மேனியன் தெருவில் படமெடுக்க நிற்கும் கூட்டத்தைக் காட்டி, சுற்றுலாதான் காரணம் என்பார். அவருக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.

ஒன்று மறக்க வேண்டாம். ஒரு தாத்தாவின் கதை சான்று ஆகாது. அது தம்பிக்கு வழி காட்டியது, அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்ட வேண்டியிருந்தது.

அறிகுறி: முன்னுரை "பற்றிக் காண்போம்" என்று முடிகிறது

"இக்கட்டுரையில் கைப்பேசியின் பயன்பாடு பற்றி விரிவாகக் காண்போம்." இது அறிவிப்பு. காண்பதற்குத்தானே வாசிப்பவர் தாளைக் கையில் எடுத்திருக்கிறார். "காண்போம்" என்பதை அடித்துவிட்டு, கண்டு முடித்தபின் என்ன சொல்வீர்களோ அதை அந்த இடத்தில் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை.

அறிகுறி: இரண்டாம் பத்தியிலேயே சரக்கு தீர்ந்துவிட்டது, அல்லது எட்டுப் பக்கமானாலும் முடியவில்லை

இரண்டும் ஒரே கோளாறுதான். வாக்கியத்தின் அளவு கட்டுரையின் அளவோடு பொருந்தவில்லை.

பெரிதாகிப்போன வாக்கியத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை வைத்திருக்கிறேன். எழுவாயை மாற்றிப் பாருங்கள். "கல்வி மனித வாழ்வுக்கு இன்றியமையாததாகும்." கல்வியை எடுத்துவிட்டு விளையாட்டைப் போடுங்கள், நிற்கிறது. ஒழுக்கத்தைப் போடுங்கள், நிற்கிறது. தண்ணீரைப் போட்டாலும் நிற்கிறது. எதைப் போட்டாலும் நிற்கும் வாக்கியம் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. "இன்றியமையாதது", "மிக முக்கியமானது", "பெரும் பங்காற்றுகிறது" என்று முடியும் வாக்கியங்களை எல்லாம் இப்படிச் சோதித்துவிடுங்கள்.

சிறிதாகிப்போனதற்கு, பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடும் ஃபெர்ரியை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி எழுதும் தலைப்பு இது. "1985இல் பினாங்குப் பாலம் திறந்தபின் ஃபெர்ரியில் போகும் கார்கள் குறைந்தன." ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடலாம். அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியாமல் பாலத்தின் நீளம், கட்டிய செலவு, கடலின் அழகு என்று போக வேண்டியதுதான். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் இதற்குப் பெயர் மற்றொன்று விரித்தல்.

இதைப் பெரிதாக்கத் தலைப்பை விரிக்க வேண்டாம். அதே இடத்தில் நின்று, "அதனால் என்ன?" என்று ஒருமுறை கேளுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. பாலம் வந்தபின்னும் ஃபெர்ரி ஓடியது. 2014இல் இரண்டாவது பாலம் வந்தது, அப்போதும் ஓடியது. பழைய இரட்டை அடுக்குக் கப்பல்கள் 2020 கடைசியோடு ஓய்வு பெற்றன, 2023 ஆகஸ்டில் புதியவை வந்தன. புதியவற்றில் கார் ஏறாது. மோட்டார் சைக்கிள், சைக்கிள், நடந்து போகிறவர்கள் மட்டும்தான். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு பெண் எழுதிய வாக்கியம்: "இரண்டு பாலங்கள் இருந்தும் பினாங்குக்கு ஃபெர்ரி தேவைப்படுவது, பாலங்கள் கார் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதால்தான், ஆகவே ஃபெர்ரியைச் சுற்றுலாச் சின்னமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு அன்றாடப் பொதுப் போக்குவரத்தாக நடத்த வேண்டும்." நான்கைந்து பக்கத்துக்கு இது தாராளமாகப் போதும். மூவெட் என்னும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வில் 250 சொல்லுக்குக் குறையாமல் எழுதச் சொல்லும் கட்டுரைக்கு இதுவே பெரிது. "ஆகவே" என்பதற்கு முந்தைய பாதி மட்டும் போதும்.

அறிகுறி: "நன்மையும் உண்டு, தீமையும் உண்டு"

இந்த வாக்கியத்தை நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியிலிருந்தே எழுதி எழுதிப் பழகிவிட்டார்கள். யார் மனத்தையும் புண்படுத்தாது, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும். ஆனால் முடிவு சொல்லச் சொன்ன இடத்தில் முடிவு சொல்லாமல் எழுந்து போவதுதான் அது.

நடுநிலை தவறு என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். பார்த்தபின் என்ன தோன்றுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் மொழியில் இதற்குப் பழைய வழிகாட்டலே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் ஏழு மதம் என்று வகுத்துச் சொல்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை, நூல் எழுதுகிறவர் எடுக்கும் நிலைப்பாடு. ஏழில் மூன்றை நான் வகுப்பில் கரும்பலகையிலேயே எழுதிவைத்திருக்கிறேன். "தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு": தானே ஒன்றை முன்வைத்து அதை நிலைநிறுத்துவது. "இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு": இருவர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் துணிந்து எடுப்பது. "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு": அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதைக் களைவது. மையவாக்கியம் என்று நாம் இன்று பேசுவது முதலாவது. நன்மை தீமைக் கோளாறுக்கு மருந்து மற்ற இரண்டிலும் இருக்கிறது.

செய்து பார்ப்போம். தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வு 1988 முதல் நடந்துவந்தது, 2021இல் நீக்கப்பட்டது. மாணவர் வாக்கியம்: "யூபிஎஸ்ஆர் தேர்வை நீக்கியதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு." இதைப் பார்த்து யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று கேட்டாலே பாதி வழி வந்துவிடும். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் நடப்பது அபூர்வம். அடுத்து, நன்மையை முன்பாதியில் ஒப்புக்கொள்ளுங்கள், உங்கள் முடிவைப் பின்பாதியில் வையுங்கள். "யூபிஎஸ்ஆர் நீக்கம் பிள்ளைகளின் மனச்சுமையைக் குறைத்தது உண்மைதான் என்றாலும், வீட்டில் பாடம் பார்த்துச் சொல்ல ஆளில்லாத பெற்றோருக்குப் பிள்ளை எங்கே பின்தங்குகிறது என்று காட்டிய ஒரே பொது அளவுகோலையும் அது எடுத்துவிட்டது."

முன்பாதி பின்பாதி என்பதில் கவனம் வேண்டும். தமிழில் வாக்கியத்தின் எடை கடைசி வினையில் விழும். "என்றாலும்", "ஆயினும்", "இருந்தபோதிலும்" என்பவற்றுக்கு முன்னால் வருவது விட்டுக்கொடுப்பது, பின்னால் வருவது நீங்கள் நிற்கும் இடம். இரண்டையும் மாற்றிவைத்தால் நீங்களே எதிர்க்கட்சிக்காக வாதாடியதாக ஆகிவிடும். நல்ல மாணவர்கள்கூட இதில் தவறுகிறார்கள்.

அறிகுறி: பத்திகளை இடம் மாற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை

"இளைஞர்கள் தமிழ் வாசிக்காததற்குக் கைப்பேசி, நேரமின்மை, பெற்றோரின் அக்கறையின்மை ஆகிய மூன்றும் காரணங்களாகும்." மூன்று காரணம், மூன்று பத்தி. நேரம் ஓடிக்கொண்டிருக்கும் தேர்வு அறையில் இது கைகொடுக்கும், அங்கே இதை நான் தடுப்பதில்லை. வீட்டில் இரண்டு வாரம் அவகாசத்தோடு எழுதும் கட்டுரையில் இது போதாது. ஒன்றையொன்று தெரியாத மூன்று பேரை ஒரே பெஞ்சில் உட்காரவைத்த மாதிரி இருக்கும்.

மூன்றுக்கும் என்ன உறவு என்று கண்டுபிடியுங்கள். எது எதைக் கொண்டுவந்தது? எது இல்லாவிட்டால் மற்றது நடந்திருக்காது? "பெற்றோர் வீட்டில் தமிழ் வாசிப்பதை நிறுத்தியபோதே பிள்ளைகளின் வாசிப்பும் நின்றுவிட்டது, கைப்பேசி அந்த வெற்றிடத்தில்தான் வந்து உட்கார்ந்தது." இப்போது பத்திகளின் வரிசையை மாற்ற முடியாது. மாற்றினால் வாதம் உடையும். உடைந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள்.

அறிகுறி: முடிவுரை வேறு ஏதோ சொல்கிறது

கவலைப்பட வேண்டாம். நான் பார்த்த கோளாறுகளில் எனக்குப் பிடித்தது இது. எழுத எழுத யோசனை வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன்னுரையை எழுதியபோது உங்களுக்குத் தெரியாத ஒன்று முடிவுரைக்கு வரும்போது தெரிந்துவிட்டது.

முடிவுரையில் இருக்கும் அந்த வாக்கியத்தை வெட்டி முன்னுரையின் கடைசியில் ஒட்டுங்கள். பெரும்பாலும் அதுதான் உங்கள் உண்மையான மையவாக்கியம். பிறகு ஒவ்வொரு பத்தியாக வாசித்து, இது புது வாக்கியத்துக்கு உதவுகிறதா என்று பாருங்கள். உதவாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஒட்டுவதோடு நிறுத்தி இந்தப் பார்வையைச் செய்யாமல் விட்டால், கட்டுரை தனக்குள்ளேயே சண்டை போடும். மாறுகொளக் கூறல் என்று அதையும் நன்னூல் குற்றத்தில் சேர்த்திருக்கிறது.

அறிகுறி: ஓரத்தில் "தாக் ஜெலாஸ்"

தெளிவில்லை என்கிறார் திருத்தியவர். கருத்து இருக்கிறது, வாக்கியம் அதை மூடிவிட்டது. ஒரு தாளில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

"உயர்ந்துவரும் வாடகையின் காரணமாகவும் சுற்றுலாப் பயணிகளின் வருகை அதிகரித்ததன் காரணமாகவும் ஏற்பட்ட மாற்றங்களினால் பாரம்பரியத் தொழில்கள் பாதிக்கப்பட்டு வருவதாகப் பார்க்கப்படுகிறது என்றால் அது மிகையாகாது."

யார் பார்க்கிறார்கள்? எந்தத் தொழில்? என்ன பாதிப்பு? எதற்கும் பதில் இல்லை. "பார்க்கப்படுகிறது", "கருதப்படுகிறது", "என்றே கூறலாம்", "மிகையாகாது" ஆகிய நான்கையும் முதலில் எடுத்துவிடுங்கள். எடுத்தால் வாக்கியம் கூச்சத்தோடு நிற்பது போல் தோன்றும். தோன்றட்டும். அடுத்து, பாரம்பரியத் தொழில்கள் என்ற பொதுச்சொல்லுக்குப் பதில் கண்ணால் பார்த்த ஒன்றை வையுங்கள். எழுதிய பெண் பூமாலைக் கடைகளைத்தான் நினைத்திருந்தார். இப்போது மிஞ்சுவது: "வாடகை மாலைக் கடைகளை நெருக்குகிறது."

இங்கேதான் 'தான்' சோதனை. நம் மொழி கொடுத்திருக்கும் நல்ல கருவி இது. வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லோடும் 'தான்' சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

"வாடகைதான் மாலைக் கடைகளை நெருக்குகிறது." காரணம் வாடகை, வேறு எதுவும் இல்லை என்கிறீர்கள். சுற்றுலா, பிளாஸ்டிக் மாலை போன்ற மற்றக் காரணங்களை மறுக்க வேண்டும்.

"வாடகை மாலைக் கடைகளைத்தான் நெருக்குகிறது." துணிக்கடையும் நகைக்கடையும் தாக்குப்பிடிக்கின்றன, மாலைக் கடையால் முடியவில்லை என்கிறீர்கள். ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

"வாடகை மாலைக் கடைகளை நெருக்கத்தான் செய்கிறது." நெருக்கடியே இல்லை என்று ஒருவர் சொல்கிறார், அவருக்குப் பதில் கொடுக்கிறீர்கள்.

மூன்றும் மூன்று தனிக் கட்டுரைகள். 'தான்' எங்கே நின்றபோது "ஆமா, இதைத்தான் சொல்ல வந்தேன்" என்று மனம் சொல்கிறதோ, அதுதான் உங்கள் வாதம். அந்தப் பெண் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். அப்புறம் எழுத்து நடைக்கு ஏற்றபடி வினையை முன்னால் கொண்டுபோய், அழுத்தம் விழ வேண்டிய சொல்லைக் கடைசியில் நிறுத்தினார்: "லிட்டில் இந்தியாவின் மாலைக் கடைகளை நெருக்குவது வாடகையே." பதினெட்டுச் சொல்லில் இருந்தது ஆறு சொல்லில் வந்துவிட்டது. சுற்றுலாவைப் பற்றிய மறுப்பை அடுத்த வாக்கியத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஆங்கிலத்திலோ மலாயிலோ கட்டுரை எழுதுகிறவர்களும் இந்தச் சோதனையைத் தமிழில் செய்துவிட்டுப் போகலாம். என்ன சொல்ல வருகிறோம் என்பது தெளிந்தபின் எந்த மொழியிலும் எழுதுவது சுலபம்.

அறிகுறி: பழமொழியும் குறளும் முன்னால் நிற்கின்றன, நீங்கள் காணவில்லை

குறளோடு தொடங்குவது நம் பிள்ளைகளுக்கு ஊறிப்போன பழக்கம், அது நல்ல பழக்கமும்கூட. குறளை எழுதி, பொருள் சொல்லி, அதோடு முன்னுரையை முடித்துவிட்டால்தான் கோளாறு. வள்ளுவர் சொன்னதை இந்தத் தலைப்பில் நீங்கள் எப்படிப் பொருத்துகிறீர்கள் என்று அடுத்த வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தக் குறள் இந்தக் கட்டுரைக்கு உரியதில்லை.

அறிகுறி: எல்லாச் சோதனையும் தேறிவிட்டது, இருந்தும் உப்புச்சப்பில்லை

இதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். "நான் யார் டீச்சர் இதைச் சொல்ல?" என்று எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாமல் வளர்ந்த பிள்ளைகள். தாளில் ஒரு பக்கத்தை எடுத்து நிற்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. அதனால் மறுப்பதற்கு ஆள் இருக்கிற, ஆனால் யாரும் மெனக்கெட்டு மறுக்காத ஒரு பாதுகாப்பான வாக்கியத்தை எழுதிவிடுகிறார்கள். சான்று கையில் இருக்கும்போது கருத்துச் சொல்வது மரியாதைக் குறைவே இல்லை. வாசிப்பவரை நம்பி அவர் முன் உட்கார்ந்து பேசுவதுதான் அது. இதை நான் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்கிறேன், பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் சிக்கியவர்களுக்கு நான் செய்யச் சொல்வது: தாளை மூடிவையுங்கள். வாட்ஸ்அப்பைத் திறந்து, இந்தத் தலைப்பில் உங்களோடு ஒத்துப்போகாத ஒரு நண்பருக்கு அரை நிமிடக் குரல்பதிவு ஒன்று அனுப்புங்கள். எழுதிவைத்து வாசிக்கக் கூடாது, பேச வேண்டும். அனுப்பியபின் நீங்களே அதைக் கேளுங்கள். எங்காவது ஓர் இடத்தில் "நான் என்ன சொல்றேன்னா" என்று வரும். அதற்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டு, பின்னால் வருவதை அப்படியே பேச்சுத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபெர்ரியைப் பற்றி எழுதிய அந்தப் பெண்ணின் வாக்கியமும் இப்படித்தான் வந்தது. முதல் மூன்று வரைவுகளில் ஃபெர்ரி "பினாங்கின் பெருமை"யாகவே இருந்தது. குரல்பதிவில் பின்னால் சமையல்கட்டுச் சத்தம் கேட்கிறது, அவள் கொஞ்சம் கோபமாகவே பேசுகிறாள்: "நான் என்ன சொல்றேன்னா லா, எங்கப்பா தினம் மோட்டார்ல ஏறிப் போறாரு, அவருக்கு அது பெருமையும் இல்ல ஒண்ணும் இல்ல, அது பஸ் மாதிரி, நேரத்துக்கு வரணும், அவ்வளவுதான்."